இது பில் அல்ல

அவ்வப்போது மெடிகேரிலிருந்து தடித்த உறை வரும்.
முதல் தாளிலேயே பெரிய எழுத்தில்:
இது பில் அல்ல.
லெயான்ஸ் அதை மட்டும் உரக்க வாசிப்பார்,
பனிப் பூட்ஸைக் கழற்றும் முன்பே,
லாட்டரி விழுந்தவர் மாதிரி.

மிச்சத்தை நான் வாசிப்பேன்.
நரம்பு மருத்துவர், பாங்கோர்: ஏற்கப்பட்டது.
ரத்தப் பரிசோதனை: ஏற்கப்பட்டது.
மாத்திரைத் திட்டத்தின் தாள் தனி.
ஆக்ஸிகோடோன், அறுபது: ஏற்கப்பட்டது.
எங்கள் பங்கு நான்கு டாலர்.

அந்த அறுபதும்
பேக்கிங் சோடாவுக்குப் பின்னால் மூடி திறக்காமல் நிற்கின்றன.
முதல் புட்டியைத் திறந்த அக்டோபரில்
ஓடும் டிராக்டரிலேயே தூங்கிப்போனார்.
உருளைக்கிழங்கு தோண்டிய வயலைக் கடந்து
வெர்னா சீரின் கோழிக்கூட்டில் முட்டி நின்றது வண்டி.
கோழி ஒன்றும் சாகவில்லை.
அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

கீமோ, புற்றைக் கொண்டுபோனது.
போகிற போக்கில் பாதங்களையும்.
'கண்ணாடித் தூள்மேல் நிற்கிறேன், ஒடெலி.'

கஞ்சா எண்ணெய் என்று சொல்ல
எனக்கு இன்னும் நாக்குக் கூசும்.
சொட்டு மருந்து என்பேன்.
இரவில் எட்டுச் சொட்டு, நாக்கடியில்.
பிறகு என் பக்கத்தில் ஒரு மனிதர் தூங்குவார்,
குறட்டையோடு, முழுசாக.

புட்டி அறுபத்தெட்டு டாலர். மாதம் மூன்று.
பழைய டயர்க் கடையில்தான் விற்கிறார்கள்.
ரொக்கம் மட்டும்; வங்கிகள் தொட அஞ்சுகிற பணம்.
மூலையில் நிற்கும் ஏடிஎம்
தன் பங்குக்கு மூன்றரை டாலர் கடித்துக்கொள்ளும்.
ராணுவத்தில் இருந்தவர்களுக்குப் பத்து சதவீதம் தள்ளுபடி என்றான் கடைப்பையன்.
லெயான்ஸை ராணுவம் எடுக்கவில்லை.
காரணம்: பாதம் தட்டை.

ஒருமுறை போன் செய்தேன்.
நாற்பது நிமிடம் பியானோ. பிறகு ஷனீஸ் என்றொரு பெண்.
'அம்மா, உங்கள் மாநிலத்தில் அது மருந்து.
ஒன்றிய அரசின் ஏட்டில் அது குற்றம்.
நாங்கள் ஒன்றிய அரசின் பணம்.'
தடுமாறி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டால்?
'ஓ, அதற்குக் கிடைக்கும்!
ஆம்புலன்ஸ், அறுவை, நடைப் பயிற்சி.'
உண்மையாகவே மகிழ்ந்தாள்.
பிறகு குரல் தணிந்தது: 'என் அக்காவுக்கு நான்தான் வாங்கித் தருகிறேன்.'
இந்த அழைப்பு பதிவாகிறது என்று
இருவருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது.

பிப்ரவரியில் ஒரு விடிகாலை, மூன்று மணி.
படுக்கையில் ஆளில்லை. பின்கதவு திறந்து கிடந்தது.
பைஜாமாவைச் சுருட்டிவிட்டு,
கணுக்கால் வரை பனியில்,
வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தார்.
சூளை எண்ணெய் விலை ஏறியதிலிருந்து
எட்டை நாலாக்கியிருக்கிறார், என்னிடம் சொல்லாமல்.
'மரத்துப்போகிறது' என்றார்,
பிடிபட்ட சிறுவனின் முகத்தோடு.
'இதற்குப் பில் இல்லை.'

அன்று காலை
அந்த உறையின் முதுகில் கணக்குப் போட்டேன்.
மேலலமாரியில் அறுபது மாத்திரை.
ஒன்றுக்கு முப்பது தருகிறேன் என்று
சர்ச் வாகன நிறுத்தத்தில் ஒருத்தன் கேட்டிருக்கிறான்.
ஆயிரத்து எண்ணூறு.
ஒன்பது மாதத்துக்குச் சற்றே குறைந்த தூக்கம்.
இரண்டு முறை பெருக்கிப் பார்த்தேன், சரியாகவே வந்தது.
அரசு கொடுத்ததை விற்று
அரசு கொடுக்காததை வாங்கலாம்.

வெர்னாவின் பேரனை
போன கோடையில் காருக்குள்தான் கண்டெடுத்தார்கள்.
என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.
வானொலியும்.

ஷெரிஃப் அலுவலக வாசலில்
வேண்டாத மாத்திரை போட ஒரு பச்சைப் பெட்டி உண்டு.
ஆயிரத்து எண்ணூறு டாலர் உள்ளே விழும்போது
சோளம் கொட்டுகிற சத்தம்.
வரும் வழியில் என் தையல் மெஷினை விலை பேசினேன்.
இரண்டு மாதத்துக்கு வரும்.

இன்று தபால்பெட்டியில் மறுபடி உறை.
புதிய அறுபது: ஏற்கப்பட்டது.
லெயான்ஸ் பூட்ஸைக் கழற்றவில்லை.
முதல் வரியை இன்னும் வாசிக்கவில்லை.